பிணையில் விட்ட கட்டி

என் கழுத்தில் இருந்த கட்டி சாதாக் கட்டி என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. எல்லாம் கெட்டது அங்கேதான்.

உங்களிடம்தான் சார் சொல்கிறேன். மடியில் அந்தக் கவரை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் எனக்குத் தெரியாதா. ஸ்கேன் கவர். மடக்காதீர்கள், உள்ளே படம் கெட்டுப்போகும். உங்களுக்கா? அம்மாவுக்கா. என்ன, கட்டியா? சாதாக் கட்டியா. சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல டாக்டர் பேரா? இருங்கள், கடைசியில் சொல்கிறேன். காலுக்கடியில் பையில் என்ன? ஆப்பிளா. இருக்கட்டும். உள்ளே தள்ளி வையுங்கள், ஏறுகிறவன் மிதிப்பான்.

காரியாபட்டியா நீங்கள். நான் அருப்புக்கோட்டை. இந்த டிரைவர் உருட்டுகிற உருட்டுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

இதே ரூட்டில் வேலை பார்த்தவன் நான். டிரைவர் இல்லை, கண்டக்டரும் இல்லை. செக்கர். நடுவழியில் கை காட்டி ஏறி, டிக்கெட்டை எடு என்று கேட்கிறவன். ஏறினதும் டிக்கெட்டைப் பார்க்கமாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். டிக்கெட் எடுத்தவன் என்னை எரிச்சலாகப் பார்ப்பான். தூங்குகிறவனை எழுப்பினால் முறைப்பான். எடுக்காதவன் சிரிப்பான். 'வாங்க சார், உக்காருங்க சார்' என்று எழுந்து இடம் கொடுப்பான். அவன் கையைத்தான் முதலில் பிடிப்பேன். மரியாதை பண்ணுகிறவன் வித்தவுட். இது நான் போட்ட சட்டம். தப்பினதே இல்லை. ரிட்டயர் ஆனபிறகும் யாராவது மரியாதை கொடுத்தால் அவன் சட்டைப் பையைத்தான் பார்க்கத் தோன்றும்.

கட்டிக்கு வருகிறேன்.

எப்போது வந்தது என்று தெரியாது. முதலில் சட்டையில் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை. டெய்லர் துணியைத் திருடிவிட்டான் என்று நினைத்தேன். டெய்லரை மாற்றினேன். அவன் தைத்ததும் பிடித்தது. ரெண்டு பேரும் கூட்டு என்று முடிவு பண்ணினேன். என் வீட்டுக்காரி சீனியம்மாள்தான் ஒருநாள் காபியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னங்க, முட்டைய முழுங்கிட்டு நிக்கிற பாம்பு மாதிரி இருக்கீங்க."

அவள் பேச்சே அப்படித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து.

அப்புறம் மூச்சு. துவைத்த வேட்டியைக் கொடியில் போட ரெண்டு கையையும் தூக்கினேன். முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறிவிட்டது. தொண்டையில் விசில் கேட்டது. கண்டக்டர் ஊதுகிற மாதிரி, ஒற்றை விசில். ரெட்டை விசில் என்றால் போகலாம். ஒற்றை விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். கையைக் கீழே போட்டதும் சரியானது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டியை மட்டும் மதில் மேல் போட ஆரம்பித்தேன். அதை என் மகன் சௌந்தர் பார்த்துவிட்டான். கேள்வி கேட்டு, இழுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தான்.

ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். டாக்டர் ஒரு சின்னப் பெண், பர்வீன் என்று பேர். தொட்டுப் பார்த்தது. எச்சிலை முழுங்கச் சொன்னது. அப்புறம், "ஐயா, ரெண்டு கையையும் மேலே தூக்குங்க" என்றது.

எத்தனை பேரைக் கையைத் தூக்கச் சொல்லிப் பையைத் தடவியிருப்பேன். இப்போது எனக்கே. தூக்கினேன். பழையபடி முகம் சூடாகி, விசில். டாக்டரம்மா என் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. கண்டக்டரும் பயணியும் பேசிவைத்திருந்தால் இப்படித்தான் ஆட்டிக்கொள்வார்கள்.

ஸ்கேன் படம் எடுத்தார்கள். கட்டியில் ஊசி குத்தி, உள்ளே இருப்பதை உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. மறுபடி போனோம். டாக்டரம்மா படித்துவிட்டு, சௌந்தரைப் பார்த்து, "பினைன்தான்" என்றது. சௌந்தர் மூச்சை விட்டான்.

எனக்குத் தெரிந்த பிணை ஒன்றுதான் சார். ஜாமீன். டிக்கெட் கேட்டதற்கு ஒருத்தன் என் சட்டையைக் கிழித்தான். கோர்ட்டுக்குப் போனேன். அவனைப் பிணையில் விட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டு வாசலில் நின்று பீடி குடித்தான். பிணை என்றால் கேஸ் முடியவில்லை என்றுதானே அர்த்தம்.

"அப்ப கேஸ் எப்ப வருது?" என்றேன்.

"என்ன கேஸ் ஐயா?"

"பிணைன்னு சொன்னீங்களே."

சௌந்தர் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "அப்பா, அது பினைன். சாதாக் கட்டின்னு அர்த்தம். புத்துநோய் இல்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது.

"ஐயா, கட்டியில ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு இருந்த எடத்துலயே இருந்து பெருக்கும். சுத்தி ஒரு உறை மாதிரி இருக்கும். பக்கத்துல இருக்கிறதைத் தள்ளும், ஆனா அதுக்குள்ள நுழையாது. இன்னொண்ணு உறையை மதிக்காது. பக்கத்துச் சதைக்குள்ள வேர் விடும். ரத்தத்துல ஏறிப் போயி எலும்புல, நுரையீரல்ல முளைக்கும். அதுதான் புத்து. உங்களுக்கு இருக்கிறது முதல் விதம். தைராய்டு வீங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப விட்டுரலாம்."

"விட முடியாது. வளந்து நெஞ்செலும்புக்குப் பின்னால இறங்கியிருக்கு. மூச்சுக் குழாயை நெருக்குது. ஆபரேஷன் பண்ணி எடுத்துரணும்."

கவனித்தீர்களா. நல்ல கட்டியாம், அறுக்கணுமாம். நல்ல கட்டி என்றால் எதற்கு அறுக்க வேண்டும்? அறுக்க வேண்டும் என்றால் அது எப்படி நல்ல கட்டி? இதில் ஒன்றுதான் நிஜம். எது என்று எனக்குத் தெரியும்.

அது போதாது என்று இன்னொன்றும் சொன்னது. எடுத்தபிறகு முழுக் கட்டியையும் டெஸ்டுக்கு அனுப்புவார்களாம்.

"ஏற்கெனவே பாத்தாச்சே?"

"ஊசியில வர்றது துளிதான் ஐயா. அதுல ஒண்ணும் இல்ல. இருந்தாலும் முழுசாவும் பாத்துருவோம். எல்லாருக்கும் அப்படித்தான் பாப்போம்."

டிக்கெட் சரியாக இருந்தால் இன்னொரு தடவை ஏன் கேட்கப்போகிறார்கள்? நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது. கிழவனுக்குச் சந்தேகப் புத்தி. இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் புத்து வந்த ஆளிடம் புத்து என்று எவன் சொல்கிறான்? அல்சர் என்பான். நீர்க்கட்டி என்பான். சாதாக் கட்டி என்பான். கூடப் போனவன் டாக்டரை முதலிலேயே பார்த்து, அவருக்குத் தெரியவேண்டாம் சார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆளை உள்ளே கூட்டிப்போவான். நானே செய்திருக்கிறேன். நன்றாகவே செய்திருக்கிறேன்.

எங்கள் அண்ணன் கந்தையா. பந்தல்குடியில் இருந்தார். வயிற்றில் வந்தது. அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்த பொதுச் சுவரில் அவர் ஜன்னல் வைத்தார், நான் அடைத்தேன், அப்படி ஒரு தகராறு. வருஷக்கணக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை. ஆனால் புத்து என்றதும் நான்தான் போய் நின்றேன். திட்டம் போட்டதும் நான்தான். அல்சர். வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை. யாரும் கண்ணைக் கசக்கக் கூடாது. அழுகிற பொம்பளைகளை எல்லாம் கொல்லைப்பக்கம் அனுப்பினேன்.

திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். அப்புறம் மாதுளை. பக்கத்தில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டேன். "அல்சர்தாண்ணே, நீ காரத்தை அள்ளித் தின்னா வராதா" என்றேன். "ஆமாடா, காரத்தைக் குறைக்கணும்" என்றார். போகிற வரைக்கும் அல்சர் என்றே நம்பினார். ஆயுசு முழுக்கப் பொய்யைக் கேட்டவன் நான். எப்படிச் சொன்னால் பிசகாது என்று தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், என்னிடம் யாரும் அந்த வேலை காட்ட முடியாது.

வீட்டில் நோட்டம் பார்க்க ஆரம்பித்தேன். அடுப்படியில் சீனியம்மாளும் சௌந்தரும் கிசுகிசு என்று பேசுவார்கள். நான் செருமினால் நிறுத்துவார்கள். ஒரு நாள் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். பஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் தள்ளி நிறுத்தி எங்கே ஏறினீர்கள் என்று கேட்போம் அல்லவா, அப்படி.

சௌந்தர், "சாதாக் கட்டிப்பா" என்றான்.

சீனியம்மாளிடம் கேட்டேன். "சாதாக் கட்டிதாங்க" என்றாள்.

ரெண்டு பேரும் ஒரே வார்த்தை. சொல்லிக்கொடுத்த பேச்சு. மறுநாள் மறுபடி கேட்டேன். சௌந்தர் தைராய்டு வீக்கம் என்றான். அவள் கழலை என்றாள். பேச்சு மாறுகிறது. அதுவும் பொய்.

"எப்படிச் சொன்னா நம்புவீங்க?" என்று கேட்டாள்.

"உண்மையைச் சொன்னா."

"உண்மையச் சொல்லவா? உங்களக் கட்டுனதுதான் எனக்கு வந்த கட்டி. போயி வேலையப் பாருங்க."

வீட்டுக்குத் தெரியாமல் விருதுநகருக்குப் போய் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாதாக் கட்டிதான், ஆனால் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றார். அதே பேச்சு, அச்சு அசலாக. சௌந்தர் போன் போட்டுச் சொல்லிவிட்டான் என்று புரிந்துகொண்டேன். எந்த டாக்டரிடம் போகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதுதான் எனக்கும் பிடிபடவில்லை. அவ்வளவு சாமர்த்தியம்.

கடைசியில் ஒருத்தன்தான் உண்மை சொன்னான். கமுதி ரோட்டில் ஒரு ஊர். பச்சிலை வைத்தியம். அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் வரும்போதே, "புத்துதானே ஐயா? வீட்டுல சொல்லமாட்டாங்களே" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேரில் மறைக்காமல் பேசியவன் அவன் ஒருத்தன். "கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிரும் ஐயா. கரைச்சு விட்டுரலாம்" என்றான். பாயில் உட்காரவைத்தான். மோர் கொடுத்தான். ஐயா ஐயா என்று அவ்வளவு மரியாதை.

என்ன சார் சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள். இப்போது எனக்கும் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

கழுத்தில் பச்சிலையை அரைத்து அப்பி, துணி கட்டி அனுப்பினான். தோல் வெந்துபோனது. கட்டி அப்படியே இருந்தது. மூச்சுத்தான் குறைந்துகொண்டே வந்தது. செருப்பு மாட்டக் குனிந்தால் விசில். படுத்தால் விசில். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தேன். சோறு இறங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குக் கொடுத்த நாளும் போய்விட்டது. டாக்டரம்மா சௌந்தரிடம், சளி பிடித்துத் தொண்டை வீங்கினால் இருக்கிற மூச்சு வழியும் அடைத்துவிடும், பிறகு ஆஸ்பத்திரி வந்து சேர அவகாசம் இருக்காது என்று சொல்லியிருக்கிறது. அவன் என் முன்னால் வந்து நின்று, "செத்துத் தொலையணும்னே இருக்கீங்களாப்பா?" என்று கத்தினான். இப்படிக் கத்துகிறவனை நான் எப்படி நம்புவேன். எதையோ மறைக்கிறவன்தான் கத்துவான்.

சரி, புத்து எப்படி ஆரம்பிக்கும், எப்படி முடியும் என்று கூட இருந்து பார்த்த ஆளையே கேட்டுவிடலாம் என்று பந்தல்குடிக்குப் போனேன். அண்ணன் சம்சாரம், என் மதினி. சுவர்த் தகராறு காலத்தில் என்னை வாசலில் நின்று வைததுண்டு. அண்ணன் போனபிறகு நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

வேப்பமர நிழலில் சாக்கை விரித்துப் புளி உடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க கொழுந்தனாரே. என்ன, கழுத்துல கருப்பட்டிய வச்சுக் கட்டியிருக்கீங்க?"

"மருந்து. மதினி, அண்ணனுக்கு முதல்ல எப்படித் தெரிஞ்சுது?"

"இப்ப எதுக்கு அது?"

"எனக்கும் அதுதான் வந்திருக்கு. வீட்டுல மறைக்கிறாங்க."

மதினி ஒரு புளியைக் கீறி, கொட்டையைத் தெறிக்கவிட்டது. "யாரு மறைக்கிறது? சீனியா? அவ வயித்துல ஒரு பேச்சுத் தங்குமா? தெரு முனைக்குப் போயிட்டுத்தான அவளுக்கே திரும்பி வரும்."

"அண்ணன்கிட்ட நாம மறைக்கலையா. கடைசி வரைக்கும் தெரியாமத்தான போனாரு."

"யாருக்குத் தெரியாம?"

"அண்ணனுக்கு."

மதினி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. பரிதாபமாகவா, கேலியாகவா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான். அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

"கொழுந்தனாரே. நீங்க திராட்சைப் பையோட அந்தா அந்தத் தெரு முக்குல திரும்பினீங்க. இவரு கட்டில்ல கெடந்தபடியே ஜன்னல் வழியாப் பாத்தாரு. 'ஏட்டி, குருவையா பழம் வாங்கிட்டு வர்றான். அப்ப எனக்குப் புத்துதாண்டி'ன்னாரு."

தெறித்து வந்த புளியங்கொட்டையைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன்.

"அது மட்டுமா. 'மரியாதை பண்றவன் வித்தவுட்டுன்னு அவன்தான சொல்லுவான். இப்ப அவனே வித்தவுட்டா வர்றான் பாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு."

"நான் கால் அமுக்கிவிட்டேனே. அப்பக்கூட அல்சர்னுதான..."

"நீங்க அமுக்கின அமுக்குக்கு அவருக்கு வலிதான். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் கேட்டேன், ஏங்க தெரியும்னு சொல்லிட்டா என்னன்னு. 'சொன்னா நாளைக்கு வரமாட்டான். இத்தனை வருசம் வராதவன் வந்து பக்கத்துல உக்காந்திருக்கான். அல்சராவே இருக்கட்டும்'னுட்டாரு."

மதினி மறுபடி புளியை எடுத்தது. அன்றைக்கு வெயில் கடுமை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் துடைக்க வேண்டியிருந்தது.

நான் நன்றாகத்தான் சார் நடித்தேன். அதில் குறை சொல்ல முடியாது. அவர் என்னைவிட நன்றாக நடித்திருக்கிறார், அதுதான் விஷயம்.

மதினி விடவில்லை. "சரி, இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க வீட்டுல யாராவது உங்களுக்குப் பழம் வாங்கிட்டு வந்தாங்களா?"

யோசித்தேன். "இல்ல."

"சீனி காலு கையி அமுக்கிவிட்டாளா?"

"அவளா."

"மகன் பக்கத்துல வந்து உக்காந்து பதமாப் பேசினானா?"

"செத்துத் தொலைன்னு கத்துறான்."

"இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு. நேத்து வச்ச குழம்பு."

"சுட வச்சுக் குடுத்தாளா?"

"இல்ல. வேணும்னா நீங்களே சுட வச்சுக்கங்கன்னா."

மதினி கத்தியைச் சாக்கில் வைத்தது. "புத்து வந்தவனுக்கு எவளாவது நேத்துக் குழம்பைச் சுட வைக்காம ஊத்துவாளா? எந்திரிச்சுப் போங்க. சாதாக் கட்டிதான்."

சார், மதுரை டாக்டர் சொன்னார், விருதுநகர் டாக்டர் சொன்னார், ஊசி போட்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. இது போனது. என் சட்டம்தானே. எரிச்சலாகப் பார்க்கிறவன் டிக்கெட் எடுத்தவன். என் வீட்டில் எல்லோரும் என்னை எரிச்சலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரிடமும் பொய் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. கேட்டுவிட்டேன். "நல்ல கட்டின்னா எதுக்கு மதினி அறுக்கணும்?"

"டிக்கெட் எடுத்தவன் ஒருத்தன் வாசப்படிய மறிச்சுக்கிட்டு நிக்கிறான். ஏறவும் விடல, எறங்கவும் விடல. என்ன செய்வீங்க?"

"உள்ள போகச் சொல்லுவேன்."

"போகமாட்டேங்கிறான்."

"எறக்கி விட்டுருவேன்."

"ஐயோ பாவம், டிக்கெட் எடுத்திருக்கானே."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கழுத்துத் துணியை மதினியே அவிழ்த்து எறிந்தது. வெந்த தோலைப் பார்த்து ஒரு வார்த்தை வைதது. அதை இங்கே சொல்லக்கூடாது, முன் சீட்டில் பொம்பளைகள் இருக்கிறார்கள்.

அப்புறம் என்ன. ஆபரேஷன் ஆயிற்று. இதோ தழும்பு. பெரிய மாங்காய் அளவு இருந்ததாம், சௌந்தர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். எனக்குப் பார்க்க இஷ்டமில்லை. குரலா? இது முன்னாலேயே இப்படித்தான்.

ஆனால் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது ஒன்று நடந்தது. சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. பேச முடியவில்லை. பழத்தைக் காட்டி, என்ன இது என்று கையை ஆட்டினேன்.

"என்ன முழிக்கிறீங்க? உங்களுக்கு இன்னும் குடுக்கச் சொல்லல. நான் காலையிலிருந்து பச்சத்தண்ணி குடிக்கல, எனக்கு" என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடித் தூங்கிவிட்டேன்.

முழுக் கட்டியையும் டெஸ்ட் பண்ணின முடிவு பின்னால் வந்தது. அதிலும் பினைன். "கேஸ் தள்ளுபடி ஐயா" என்றது டாக்டரம்மா. ஞாபகம் வைத்திருக்கிறது. அந்தப் பொண்ணு அன்றைக்கே எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஒன்று தள்ளும், ஒன்று வேர் விடும் என்று. கேட்கிற காது எனக்குத்தான் இல்லை. இன்றைக்கும் அங்கேதான் போய்விட்டு வருகிறேன். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மாத்திரையைக் கொண்டுவந்து வைக்கும்போது சீனியம்மாள் நாலு வார்த்தை திட்டுவாள். திட்டாத நாளில் நான் முழுங்குவதில்லை.

அந்தா காரியாபட்டி வந்துவிட்டது. எழுந்திருங்கள், மெதுவாக.

ஒன்று சொல்லவா சார். சாதாக் கட்டி என்று நீங்கள் முதலில் சொன்னபோதே சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்கு இடம் வேறு தள்ளிக் கொடுத்தீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. கண்ணைத் துடையுங்கள், கண்டக்டர் பார்க்கிறான்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பையோடு நீங்கள் படியேறும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும், அது மட்டும் தெரியும். அதற்காகப் பழத்தை இங்கே விட்டுவிட்டுப் போகவேண்டாம். கொண்டுபோங்கள். பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் அண்ணன் அந்தத் திராட்சையை ஒன்று விடாமல் தின்றார்.

நல்ல டாக்டர் பேர் ஏதாவது சொல்லுங்கள் என்றீர்களே. கட்டியை எடுத்தது பர்வீன். எடுக்கவிட்டது வேறு ஆள். பந்தல்குடியில் இறங்கி வேப்பமரத்து வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள். போர்டு கிடையாது. பேர் சங்கம்மாள்.